பழைய தோட்ட டிராக்டரில் தீப்பொறி எப்படிப் பிறக்கிறது: பாயிண்ட், காயில், கண்டென்சர்

எஞ்சின் பிடிக்கவில்லை என்றதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நேரே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்ப்பரேட்டரிடம் போவது பலருக்குக் கைவழக்கம். பினாங்கின் பாலிக் பூலாவ் பழத்தோட்டத்தில் நிற்கும் பழைய டிராக்டராக இருக்கட்டும், கோலாலம்பூரில் ஒரு பழைய பங்களாவின் புல்வெளியை வெட்டும் வண்டியாக இருக்கட்டும், நடப்பது ஒன்றுதான். கார்ப்பைக் கழற்றிக் கழுவுவார்கள், ஜெட்டை ஊதுவார்கள், திருகுகளை இப்படியும் அப்படியும் திருப்புவார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் "எஞ்சின் போச்சு" என்று சொல்லி ஓரங்கட்டிவிடுவார்கள். அப்படி ஓரங்கட்டப்பட்ட எஞ்சின்களில் பலவற்றுக்குக் குறை, அரை மில்லிமீட்டர் இடைவெளி ஒன்றுதான்.

அந்த இடைவெளி எங்கே இருக்கிறது, அது ஏன் அவ்வளவு முக்கியம், அதை எப்படிச் சரிசெய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் முதல் கப் கேடட், 1963இல் வந்த ஜான் டியர் 110, வீல் ஹார்ஸ் போன்ற அமெரிக்கத் தோட்ட டிராக்டர்களில் பெரும்பாலும் கோலர் கே வரிசை ஒற்றை சிலிண்டர் எஞ்சின்தான் இருக்கும். நம் நாட்டில் இவற்றைக் காண்பது அபூர்வம். ஆனால் இவற்றின் தீப்பொறி அமைப்புதான், சின்னச் சின்ன வேறுபாடுகளுடன், பழைய பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் புல்வெட்டும் எஞ்சின்களிலும், டாட்சன் 120ஒய் காலத்துக் கார்களிலும், அன்றைய மோட்டார் சைக்கிள்களிலும் இருந்தது. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றிலும் கை வைக்கலாம்.

இரண்டு தவறான எண்ணங்கள்

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று தேவை: சரியான கலவையில் பெட்ரோலும் காற்றும், அதை நெருக்கும் அழுத்தம், சரியான கணத்தில் ஒரு தீப்பொறி. முதல் இரண்டையும் பற்றிப் பேச்சு நிறைய நடக்கிறது. மூன்றாவதைப் பற்றிப் பேசும்போது இரண்டு தவறுகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன.

பாயிண்ட் என்பது ஒட்டியும் பிரிந்தும் வேலை செய்யும் ஒரு சிறு சுவிட்ச். அது ஒட்டும்போது பொறி வருகிறது என்பது முதல் தவறு. ஒட்டும்போது, சிலிண்டருக்குள் பொறி விழும் பிளக்கில் எதுவும் வராது. பிரியும்போதுதான் வரும்.

பாயிண்ட்டோடு சேர்த்து மாட்டும் சிறு உருளையான கண்டென்சர் மின்சாரத்தைச் சேமித்துவைத்து பிளக்குக்குக் கொடுக்கிறது என்பது இரண்டாவது தவறு. அதற்கு அந்த வேலையே இல்லை. இந்த இரண்டும் தெளியாமல் பாயிண்ட் பெட்டியைத் திறந்தால், நல்ல பாகத்தை மாற்றிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுவிடுவோம்.

தண்ணீர்க் குழாய் சொல்லும் பாடம்

கூரைத் தொட்டியிலிருந்து தண்ணீர் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும்போது குழாயைச் சட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும். நீண்ட குழாய்க்குள் வேகமாக வந்துகொண்டிருந்த தண்ணீர் ஒரே கணத்தில் நிற்க வேண்டியதாகிறது. அப்போது மூடிய இடத்தில் அழுத்தம் வழக்கத்தைவிடப் பல மடங்கு எகிறுகிறது, குழாயே அதிர்கிறது. மெதுவாக மூடினால் அந்தச் சத்தம் வராது. குழாயைத் திறக்கும்போதும் வராது. ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று தடைபட வேண்டும், அவ்வளவுதான்.

காயிலில் ஓடும் மின்சாரமும் இப்படித்தான் நடந்துகொள்கிறது. இரும்புத் துண்டைச் சுற்றிய கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடத் தொடங்கிவிட்டால் அது சட்டென்று நிற்க மறுக்கும். வலுக்கட்டாயமாக நிறுத்தினால் வோல்டேஜ் எகிறும். தண்ணீர்க் குழாயை மூடுவதும் பாயிண்ட் பிரிவதும் ஒரே வேலை. இரண்டும் ஓட்டத்தைத் துண்டிக்கின்றன.

12 வோல்ட் எப்படி 20,000 ஆகிறது

காயில் என்பது ஒரே இரும்புத் துண்டின் மேல் சுற்றிய இரண்டு கம்பிச் சுருள்கள். தடித்த கம்பியில் சில நூறு சுற்று உள்ளது பிரைமரி. முடிபோன்ற கம்பியில் அதைப்போல் சுமார் நூறு மடங்கு சுற்று உள்ளது செகண்டரி.

பேட்டரியிலிருந்து மின்சாரம் சாவி வழியாக பிரைமரிக்கு வந்து, பாயிண்ட்டைக் கடந்து, எஞ்சினின் உடம்பு வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. பாயிண்ட் என்பது ஒன்றையொன்று தொட்டும் பிரிந்தும் நிற்கும் இரண்டு சிறு டங்ஸ்டன் பொட்டுகள் கொண்ட சுவிட்ச். கோலர் கே எஞ்சினில் இது பக்கவாட்டில் ஒரு சிறு பெட்டிக்குள் இருக்கும். எஞ்சினோடு சுற்றும் கேம்ஷாஃப்ட் என்ற மேடு வைத்த அச்சு ஒரு மெல்லிய தண்டைத் தள்ளும், அந்தத் தண்டு பாயிண்ட்டைப் பிரிக்கும்.

பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது 3 முதல் 4 ஆம்பியர் பிரைமரியில் ஓடுகிறது. இரும்பில் காந்தப்புலம் உருவாகிறது. பாயிண்ட் பிரிந்ததும் ஓட்டம் அறுபட்டு காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவில் பிரைமரியிலேயே 200 முதல் 300 வோல்ட் எழும். செகண்டரியில் நூறு மடங்கு சுற்று இருப்பதால் அங்கே 20,000 வோல்ட்டையும் தாண்டக்கூடும். பிளக்கின் இடைவெளியைத் தாண்டிக் குதிப்பது இதுதான்.

எஞ்சின் நிமிடத்துக்கு 3,600 சுற்று ஓடும்போது கேம்ஷாஃப்ட் அதில் பாதி வேகத்தில் சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 30 முறை பாயிண்ட் ஒட்டிப் பிரிகிறது. அரை மில்லிமீட்டர் தவறினால் என்ன ஆகும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

கண்டென்சர் ஏன்

பாயிண்ட் பிரியத் தொடங்கும் அந்த முதல் கணத்தில் இடைவெளி மயிரிழைதான். எழும் 300 வோல்ட் அந்த மயிரிழையைச் சுலபமாகத் தாண்டிவிடும். பாயிண்ட்டுக்கு நடுவே நெருப்புக் கோடு விழுந்தால் மின்சாரம் அதன் வழியாகத் தொடர்ந்து ஓடும். அதாவது குழாயை மெதுவாக மூடியதுபோல் ஆகிவிடும். காந்தப்புலம் நிதானமாகச் சரியும், பிளக்கில் பொறி வராது, பாயிண்ட்டும் கருகும்.

கண்டென்சர் பாயிண்ட்டுக்கு இணையாக மாட்டிய ஒரு சிறு உருளை. சுமார் 0.2 மைக்ரோஃபாரட் அளவு கொண்டது. பாயிண்ட் போதுமான தூரம் பிரியும்வரை அந்தக் கண நேர மின்சாரத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. அதனால் பாயிண்ட்டில் நெருப்பு விழாமல் ஓட்டம் சுத்தமாக அறுபடுகிறது.

இதுவரை பார்த்தது: பாயிண்ட் ஒட்டும்போது காயில் தயாராகிறது, பிரியும்போது பொறி பிறக்கிறது, அந்தப் பிரிவைத் துப்புரவாக்குவது கண்டென்சர்.

இடைவெளியும் டைமிங்கும்

டைமிங் என்பது பிஸ்டன் எங்கே இருக்கும்போது பொறி விழுகிறது என்பது. பெட்ரோல் எரிந்து முடியச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் பிஸ்டன் உச்சியை எட்டுவதற்கு முன்பே பொறி விழ வேண்டும். கோலர் கே எஞ்சினில் அது உச்சிக்கு 20 டிகிரி முன்னால். எஞ்சினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் அந்த இடத்தில் 'எஸ்' குறியும், உச்சியில் 'டி' குறியும் வெட்டியிருக்கும்.

பாயிண்ட் முழுதாகப் பிரிந்திருக்கும்போது இடைவெளி 0.5 மில்லிமீட்டர், அதாவது 0.020 அங்குலம். இடைவெளியைக் கூட்டினால் பாயிண்ட் சீக்கிரம் பிரியும், பொறி முந்தும். குறைத்தால் பிந்தும். ஆக, இடைவெளியும் டைமிங்கும் தனித்தனி வேலைகள் அல்ல.

நாள்பட ஓடும்போது தேய்வது தண்டின் நுனியும் பாயிண்ட்டின் உராயும் பகுதியும். அவை தேயத் தேய இடைவெளி சுருங்கும். பொறி பிந்தும், எஞ்சின் சூடேறும், இழுவை குறையும். ஒரு நாள் பாயிண்ட் பிரியவே பிரியாது. ஏறத்தாழ எல்லோரும் கார்ப்பைக் குறைசொல்வது இந்த மெதுவான சரிவின்போதுதான்.

கார்ப்பா, பொறியா

ஸ்பேனரைத் தொடும் முன் எஞ்சின் எப்படி நிற்கிறது என்று கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பொறியைச் சந்தேகப்படுங்கள். இருமி, தணிந்து, சோக் இழுத்துக் காற்றைக் குறைத்தால் கொஞ்சம் உயிர் வந்து பிறகு நின்றால் பெட்ரோலைச் சந்தேகப்படுங்கள். சைலன்சரில் விட்டுவிட்டு வெடித்தால் சில சுற்றுகளில் பொறி விழாமல், எரியாத பெட்ரோல் சூடான குழாயில் போய்ப் பற்றுகிறது என்று பொருள்.

அரை மணி நேரம் நன்றாக ஓடி, சூடேறி நின்று, ஆறியதும் மறுபடி ஓடுவது நம்மை மிகவும் ஏமாற்றும் கோளாறு. காயிலோ கண்டென்சரோ சூட்டில் செயலிழந்தாலும் இப்படி ஆகும். டாங்கி மூடியின் காற்றுத் துளை அடைத்துப் பெட்ரோல் இறங்காவிட்டாலும் இப்படி ஆகும். நின்ற அந்த நொடியிலேயே டாங்கி மூடியைத் தளர்த்துங்கள். உள்ளே காற்று இழுக்கும் சத்தம் வந்து எஞ்சின் பிடித்தால் குற்றம் மூடியுடையது. இல்லையென்றால் ஆறும் முன்பே பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். ஆறிய பிறகு பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும்.

ஸ்டார்ட்டர் சுற்றும்வரை பிடிக்காமல், சாவியை விட்ட அந்தக் கணத்தில் மட்டும் ஒருமுறை முயன்று பார்க்கும் எஞ்சினையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் இழுக்கும்போது பேட்டரி வோல்டேஜ் மிகவும் விழுகிறது, காயிலுக்கு மிச்சம் போதவில்லை. பேட்டரி முனைகள், எர்த் வயர், பிறகு பேட்டரி என்ற வரிசையில் பாருங்கள்.

சும்மா நிற்கும்போது சீராக ஓடி, புல்வெட்டும் டெக்கை இணைத்துப் பாரம் ஏறியதும் திணறுவதும் பொறியின் வேலையாக இருக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடக் கூட பிளக்கின் இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். மெலிந்த பொறி அங்கே தோற்றுவிடும். மின்சார கிளட்ச் உள்ள வண்டியில் அந்தக் கிளட்ச்சும் அதே பேட்டரியிலிருந்து சில ஆம்பியர் இழுக்கிறது என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு சிறிய பல்பு போதும்

பாயிண்ட்டைச் சோதிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. 12 வோல்ட் சிறு பல்பு ஒன்றில் இரண்டு வயரை இணைத்து, ஒன்றைக் காயிலின் மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சினின் சுத்தமான உலோகத்திலும் பிடியுங்கள். முதலில் டெக்கின் இணைப்பை விலக்கி, பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சாவி போட்ட எஞ்சினைக் கையால் சுற்றினாலும் பிடித்துக்கொள்ளும், கீழே கத்தி இருக்கிறது. கழற்றிய பிளக்கை அதன் கேப்பில் மாட்டி, மரையோடு எஞ்சின் உலோகத்தில் நன்றாகப் படும்படி, பிளக் துளையிலிருந்து தள்ளி வையுங்கள். துளையிலிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கேப்பைச் சும்மா தொங்கவிட்டால் போக இடமில்லாத உயர் வோல்டேஜ் காயிலின் உள்காப்பையே துளைத்துவிடலாம்.

இப்போது சாவியைப் போட்டு ஃப்ளைவீலை ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் ஒட்டியிருக்கும்போது பல்பு அணைந்தும், பிரிந்ததும் எரிந்தும் இருக்க வேண்டும்.

எப்போதும் எரிந்தால் பாயிண்ட் ஒட்டுவதில்லை, அல்லது முகத்தில் அழுக்கு படிந்திருக்கிறது. எப்போதும் அணைந்தே இருந்தால் மூன்றில் ஒன்று: பாயிண்ட் பிரிவதில்லை, கண்டென்சர் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது, அல்லது காயிலுக்கு மின்சாரமே வரவில்லை. பல்பை இப்போது பிளஸ் முனையில் வைத்துப் பாருங்கள். அங்கும் எரியாவிட்டால் சாவி, ஃபியூஸ், சீட் சுவிட்ச், டெக் சுவிட்ச் பக்கம் தேட வேண்டும். எரிந்தால் கண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு, பல்பை மைனஸ் முனைக்குக் கொண்டுபோய் மறுபடி சுற்றுங்கள். பல்பு எரிந்தணையத் தொடங்கினால் குற்றவாளி கண்டென்சர்.

மல்ட்டிமீட்டர் இருந்தால் இன்னும் நுட்பமாகப் பார்க்கலாம். சாவி போட்டு, பாயிண்ட் ஒட்டிய நிலையில் காயில் மைனஸுக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் பாயிண்ட் முகமோ எர்த் இணைப்போ அழுக்கு. சோதனை முடிந்ததும் சாவியை அணைக்க மறக்காதீர்கள். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் போட்டிருந்து பாயிண்ட் ஒட்டியிருந்தால் காயில் சூடேறிக்கொண்டே இருக்கும்.

சுத்தம் செய்து அளவு வைப்பது

நம் ஈரக் காற்றில் இரண்டு மூன்று மாதம் சும்மா நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் படிந்துவிடும். பார்த்தால் வெறும் சாம்பல் நிறம், ஆனால் 12 வோல்ட் அதைத் தாண்டாது. பினாங்கின் கடலோரத்தில் உப்புக் காற்று வேறு. பெட்டி மூடியின் கேஸ்கெட் இல்லாவிட்டால் எறும்பும் புகும்.

முகம் சமமாக இருந்து படலம் மட்டும் என்றால், வழவழப்பான கெட்டி அட்டைத் துண்டில் கான்டாக்ட் கிளீனர் அடித்து இரு பொட்டுகளுக்கு நடுவே இழுத்தால் போதும். கரடாக இருந்தால் பாயிண்ட் அரத்தால் லேசாகத் தேயுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அதன் மணல் டங்ஸ்டனில் பதிந்து தங்கிவிடும். ஒரு பொட்டில் மேடும் எதிர்ப் பொட்டில் குழியும் விழுந்திருந்தால் கண்டென்சரின் அளவு பொருந்தவில்லை என்று அடையாளம். இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

புதிய பாயிண்ட்டிலும் துருத்தடுப்பு எண்ணெய்ப் படலம் இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு "புதுசே கெட்டது" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

அளவு வைக்கும்போது பாயிண்ட் முழுதாகப் பிரியும்வரை ஃப்ளைவீலைச் சுற்றி, திருகைத் தளர்த்தி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் 0.5 மில்லிமீட்டர் இலை மெல்லிய பிடிப்போடு நழுவும்படி வைத்து இறுக்குங்கள். இறுக்கும்போது இடைவெளி நகரும். ஆகவே மறுபடியும் அளந்தே தீர வேண்டும். கேஜ் இலையின் எண்ணெய் பாயிண்ட்டில் ஒட்டியிருக்கும், உலர்ந்த அட்டையை ஒருமுறை இழுத்துவிடுங்கள்.

பிறகு பல்பை மாட்டி, ஃப்ளைவீலை மெதுவாகக் கொண்டுவந்து 'எஸ்' குறி பார்வைத் துளையின் நடுவுக்கு வரும் கணத்தில் பல்பு எரிகிறதா பாருங்கள். முந்தி எரிந்தால் இடைவெளியைச் சற்றுக் குறையுங்கள், பிந்தினால் கூட்டுங்கள். 0.43 முதல் 0.58 மில்லிமீட்டருக்குள் இது அமைய வேண்டும். அதற்கு வெளியே போனால்தான் சரியாகிறது என்றால் தண்டோ பாயிண்ட்டோ தேய்ந்துவிட்டது. பாயிண்ட் பெட்டிக்குள் எஞ்சின் எண்ணெய் கசிந்திருந்தால் தண்டு ஓடும் துளை தேய்ந்திருக்கலாம், அல்லது எஞ்சினின் மூச்சுவால்வு அடைத்து உள்ளழுத்தம் எண்ணெயைத் தள்ளுகிறது. எண்ணெயைத் துடைப்பது மட்டும் மருந்தாகாது.

காயில் வாங்கும்போது

பழைய கார்க் காயில் ஒன்றை மாட்டிவிடுவது நம் ஒர்க்‌ஷாப்புகளில் சாதாரணம். வேலை செய்யும், ஆனால் பிரைமரியை அளந்துவிட்டு மாட்டுங்கள். 3 முதல் 4 ஓம் இருந்தால் நேராக மாட்டலாம். 1.5 ஓம் காட்டினால் அது வெளியில் தனி ரெசிஸ்டரோடு வேலை செய்ய உருவான காயில்; நேராக மாட்டினால் 8 ஆம்பியர் வரை இழுத்துப் பாயிண்ட்டைக் கருக்கிவிடும், தானும் வெந்துபோகும். செகண்டரி பொதுவாக 6,000 முதல் 12,000 ஓம் காட்டும். மைனஸ் எர்த் வண்டியில் காயிலின் மைனஸ் முனைதான் பாயிண்ட்டுக்குப் போக வேண்டும். மாற்றி மாட்டினாலும் எஞ்சின் ஓடும், ஆனால் பொறி மெலிந்துபோகும்.

மேக்னெட்டோ வகையில் ஒரு எச்சரிக்கை

பேட்டரியே இல்லாத சிறு எஞ்சின்களில் மின்சாரத்தை உண்டாக்குவது ஃப்ளைவீலில் பதித்த காந்தம். இதுதான் மேக்னெட்டோ. பாயிண்ட் ஃப்ளைவீலுக்கு அடியில் ஒளிந்திருக்கும். பழைய பிரிக்ஸ் எஞ்சின்களிலும் இடைவெளி 0.5 மில்லிமீட்டர்தான்.

இங்கே அணைக்கும் முறை நேர் எதிரானது. பேட்டரி வகையில் சாவி மின்சாரத்தை வெட்டுகிறது. மேக்னெட்டோவில் அணைப்பு வயர் எர்த்தில் பட்டால்தான் எஞ்சின் நிற்கும். ஆகவே அந்த வயரின் உறை உரிந்து உடம்பில் உரசினாலே பொறி போய்விடும். அதைக் கழற்றிவிட்டுப் பொறி பார்ப்பதே முதல் சோதனை. அந்த வயரில் எக்காரணம் கொண்டும் பேட்டரியின் 12 வோல்ட்டைக் கொடுக்காதீர்கள். பழைய டிராக்டரில் வேறு எஞ்சினை மாற்றி வைக்கும்போது இப்படித்தான் நல்ல காயில்கள் வெந்து போகின்றன.

கத்தி கல்லில் மோதி நின்ற பிறகு பிடிக்காத எஞ்சினில் ஃப்ளைவீலை அதன் அச்சில் நகராமல் பிடிக்கும் சாவிக்கட்டையையும் பாருங்கள். பிரிக்ஸில் அது மென்மையான அலுமினியம். வெட்டுப்பட்டு ஃப்ளைவீல் இம்மியளவு நகர்ந்தாலும் டைமிங் கெட்டுவிடும். அங்கே இரும்புக் கட்டையைச் செதுக்கிப் போடக்கூடாது. அடுத்த மோதலில் உடைவது கிராங்க்‌ஷாஃப்டாக இருக்கும்.

மாற்று பாகங்கள்

கண்டென்சருக்கு எஞ்சின் பெயர் பொறித்த பாகம்தான் வேண்டும் என்பதில்லை. அளவு 0.2 மைக்ரோஃபாரட் அளவில் இருந்து, உலோக உறை எஞ்சின் உடம்பில் உறுதியாகப் பூட்டப்பட்டால் பழைய காருக்கானதே ஓடும். கோலாலம்பூர் ஜாலான் பாசாரின் எலெக்ட்ரானிக் கடைகளில் கிடைக்கும் கெப்பாசிட்டரை வாங்குவதென்றால், அளவு பொருந்தினால் மட்டும் போதாது. 300 வோல்ட் எழும் இடம் அது. 600 வோல்ட் தாங்கும் ஃபிலிம் வகையாக எடுத்து, எஞ்சின் சூட்டுக்கும் அதிர்வுக்கும் தள்ளி, காயில் பக்கத்தில் பொருத்துங்கள். பினாங்கின் லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தையில் பழைய பாயிண்ட் செட் கண்ணில் பட்டால் பொட்டுகளின் முகத்தையும் உராயும் பகுதியையும் பார்த்து வாங்குங்கள். கண்டென்சரை மட்டும் பழையதாக வாங்க வேண்டாம், சூட்டில் அது என்ன செய்யும் என்பது கடையில் தெரியாது.

பிரிக்ஸ் எஞ்சின்களில் 1982 முதல் பாயிண்ட் இல்லாத மேக்னெட்ரான் என்ற தீப்பொறி அமைப்பு வந்தது; பழைய எஞ்சின்கள் பலவற்றிலும் அதைப் பொருத்த முடியும். ஃப்ளைவீலைக் கழற்றாமல் பாயிண்ட்டைத் தொட முடியாத அந்த எஞ்சின்களில் மாற்றிவிடுவதே மேல் என்பது என் கருத்து. கோலரில் நிலைமை வேறு. இரண்டு திருகைக் கழற்றினால் பாயிண்ட் கண்ணெதிரே இருக்கிறது, பதினைந்து நிமிட வேலை. அதை அப்படியே விட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணெய் மாற்றத்தின்போதும் மூடியைத் திறந்து, அட்டையை ஒருமுறை இழுத்து, கேஜை ஒருமுறை நுழைத்துப் பாருங்கள்.